சீருடையைக் கழற்றிய பிறகு துப்பாக்கி யாருடையது?

(குலசேகரன்பட்டினத்தில் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கரையிலிருந்து தெற்கே நடந்தால் மணப்பாடு. திருச்சிலுவை ஆலயம் நிற்கிற மணல்மேட்டைத் தாண்டி இன்னும் போனால் பெரியதாழை. அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை கடலைவிட்டுக் கரையேறுகிறது. கடலுக்குப் போகிற யாரும் அதைப் பார்த்ததில்லை, பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் 2010-லிருந்து 2015 நவம்பர் முடிகிற வரை உலகக் கப்பல் வியாபாரத்தில் அந்தக் கோட்டுக்குப் பெரிய விலை இருந்தது. சோமாலியக் கொள்ளையர்களுக்குப் பயந்த கப்பல் முதலாளிகளின் சங்கங்கள் ‘அதிக ஆபத்துப் பகுதி’ என்று ஒன்றை வரைந்தார்கள். வடக்கே சூயஸும் ஹார்முஸும், தெற்கே 10 பாகை தென் அட்சம், கிழக்கே இந்த 78 பாகை. கேரளம், கோவா, மும்பை எல்லாம் உள்ளே. நாம் நிற்கிற இடம் மயிரிழையில் வெளியே.

கோட்டுக்கு உள்ளே போகிற கப்பலுக்குக் காப்பீட்டுக் கட்டணம் கூடும். உள்ளே போகிற கப்பலில் துப்பாக்கி ஏந்திய ஆட்கள் வேண்டும் என்று முதலாளிகள் கேட்க ஆரம்பித்தார்கள். கோட்டுக்கு வெளியே வந்ததும் அந்த ஆட்கள் இறங்கிவிட வேண்டும், சும்மா நிற்கிற காவலுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. மேற்கே போகிற கப்பலில் எங்கே ஏறுவது, கிழக்கே வருகிற கப்பலிலிருந்து எங்கே இறங்குவது? இலங்கையின் காலித் துறைமுகத்தில். அது 80 பாகையில் இருக்கிறது. காலிக்கும் 78-க்கும் நடுவில் கிடப்பது நம் கடல். இன்று நான் சொல்லப்போவது இந்த இடைவெளியில் நடந்த கதை.

இங்கே உட்கார்ந்திருக்கிற பலர் பதினைந்து பதினேழு வருடம் ராணுவத்திலும் கடற்படையிலும் இருந்து, நாற்பதைத் தொடும் முன்பே பென்ஷனோடு வீடு வந்தவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். உடம்பில் தெம்பு இருக்கிறது. ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னால் மனசு ஒப்பவில்லை. ‘கப்பல் செக்யூரிட்டி வேலை இருக்காமே, டாலரில் சம்பளமாமே’ என்று கேட்கிறீர்கள். நானும் கடற்படையில் இருந்துவிட்டு, பிறகு தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். கேட்கிற எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: “அண்ணே, சியாச்சின்ல நின்னவன் நான். ஒரு கப்பல்ல துப்பாக்கியப் புடிச்சிட்டு நிக்கத் தெரியாதா?”

தெரியும். நிற்பதும் தெரியும், சுடுவதும் தெரியும். ஆனால் சந்தையில் அது மட்டும் விற்காது. படையில் இருந்தபோது உங்கள் கையில் இருந்த துப்பாக்கிக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. யார் கொடுத்தது, எந்த எல்லையில் எடுத்துப்போகலாம், எப்போது சுடலாம் என்பதையெல்லாம் வேறு யாரோ யோசித்து முடித்து, அதன் பிறகே உங்கள் கையில் தந்தார்கள். சீருடையைக் கழற்றுகிற அன்று அந்த அரசு விலகிப் போய்விடுகிறது. துப்பாக்கி மட்டும் மிஞ்சுகிறது. இந்த வேலையில் நுழைகிறவன் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

முதலில் தொழில் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2008 வாக்கில் சோமாலியக் கொள்ளை பெரிதானபோதுகூட, சரக்குக் கப்பலில் ஆயுதம் வேண்டாம் என்பதே பொதுக் கருத்தாக இருந்தது. துப்பாக்கி இருந்தால் கொள்ளையன் இன்னும் பெரிய துப்பாக்கி கொண்டு வருவான் என்று பயந்தார்கள். பணயத்தொகை ஏற ஏற அந்தப் பயம் தேய்ந்தது. 2011-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, தனியார் ஆயுதக் காவலர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் இந்தியக் கொடிக் கப்பல்களில் அவர்களை அனுமதித்தது. சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கணக்கில், சோமாலியக் கொள்ளையர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட தாக்குதல்கள் 2011-இல் 237. அடுத்த ஆண்டு 75. அதற்கடுத்த ஆண்டு 15. போர்க்கப்பல்களின் ரோந்தும் இதற்குக் காரணம், கப்பலில் நின்ற நாலு பேரும் காரணம்.

ஆனால் தாக்குதல் குறைந்தால் காவலுக்கு என்ன மதிப்பு? ஆரம்பத்தில் பிரிட்டனின் முன்னாள் மரைன்களைத் தேடிப் பிடித்து நல்ல காசு கொடுத்தார்கள். பயம் குறைந்ததும் விலையும் குறைந்தது. எஸ்டோனியர், உக்ரைனியர், கிரேக்கர், நேபாளிகள், இலங்கைக்காரர்கள், நம்மவர்கள் என்று மலிவான ஆளைத் தேடி நிறுவனங்கள் கிழக்கே நகர்ந்தன. நமக்கு வேலை கிடைத்ததற்கு நம் வீரம் மட்டும் காரணமில்லை என்பதைக் கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, வேலை என்ன? பெரும்பாலும் நாலு பேர் கொண்ட குழு. மாறி மாறி பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற மேல்தளத்தில், காவல் நிற்க வேண்டும். கையில் பைனாகுலர். கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள், தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள். கொள்ளையர் ஏறிவிட்டால் மாலுமிகள் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள ஓர் அறை. நூற்றில் தொண்ணூற்றொன்பது நாள் ஒன்றும் நடக்காது. கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.

இங்கே நம் பிள்ளைகளிடம் ஒரு சரக்கு இருக்கிறது, அதை அவர்களே அறிவதில்லை. தூரத்தில் ஒரு சிறு படகு கப்பலை நோக்கி வேகமாக வருகிறது. ராஜஸ்தான் எல்லையில் வளர்ந்தவனுக்கோ லண்டனில் வளர்ந்தவனுக்கோ அது ஆபத்து. நம் கரையில் வளர்ந்தவன் முதலில் வேறு கேள்வி கேட்பான். வலை எங்கே கிடக்கிறது? விரித்த வலையைக் கப்பல் அறுத்துவிடக் கூடாதே என்று கையைக் காட்டிக்கொண்டு வருகிறவன் மீனவன். சூரை மீன் கூட்டத்தைத் துரத்தி வருகிறவன் கப்பலைப் பார்ப்பதே இல்லை, தண்ணீரைத்தான் பார்ப்பான். படகில் ஐஸ் பெட்டி இருக்கிறதா, ஏணி இருக்கிறதா? மீன் பிடிக்கப் போகிறவனுக்கு ஏணி எதற்கு? தென்மேற்குப் பருவக்காற்று கச்சானாய் வீசிக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் சின்னப் படகு நடுக்கடலில் வேலை செய்ய முடியாது. அதனால் அந்த மாதங்களில் கொள்ளையும் குறையும். இதெல்லாம் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கிறது, நம் பாட்டன்மார் வாயிலும் இருந்தது.

இந்தப் பார்வை இல்லாததால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில் ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலியக் கப்பல். அதில் காவலுக்கு இருந்தவர்கள் இத்தாலியக் கடற்படையின் வீரர்கள். ‘செயின்ட் ஆண்டனி’ என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இரையுமன்துறைப் பையன். அந்த இடம் நான் சொன்ன ‘அதிக ஆபத்துப் பகுதி’க்கு உள்ளே வருகிறது. நம் ஊர்க்காரன் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிற இடத்தைக் கொள்ளையர் கடல் என்று ஒருவன் வரைபடத்தில் குறித்துவைத்தால், அங்கே நிற்கிற துப்பாக்கிக்காரன் கண்ணுக்கு எல்லாரும் கொள்ளையராகத்தான் தெரிவார்கள். இந்தக் கோட்டை மேற்கே தள்ளச் சொல்லி இந்தியா பல ஆண்டுகள் போராடியது. 2015 டிசம்பர் 1 முதல் அது 65 பாகைக்குப் போனது.

இனி, காலிக்கும் 78 பாகைக்கும் நடுவில் கிடக்கிற அந்த இடைவெளிக்கு வருகிறேன்.

காவலர்கள் காலியில் இறங்குகிறார்கள் சரி, துப்பாக்கிகள் எங்கே இறங்கும்? எந்த நாடும் தன் மண்ணில் வெளியார் ஆயுதத்தை லேசில் இறக்க விடாது. அனுமதி வாங்கப் பணமும் நாளும் செலவாகும். அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். எந்த நாட்டின் எல்லைக்கும் வெளியே ஒரு கப்பலை நிறுத்தி, அதிலேயே ஆயுதங்களை வைத்துக்கொள்வது, காவலர்களும் அடுத்த கப்பல் வரும்வரை அதிலேயே தங்குவது. மிதக்கும் ஆயுதக் கிடங்கு என்பார்கள். ஓமான் வளைகுடாவில், செங்கடலில், காலிக்கு அருகில் இப்படிக் கப்பல்கள் இருந்தன.

‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்ற கப்பலை இந்த வட்டாரம் மறந்திருக்காது. அட்வான்ஃபோர்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கப்பல். கொடி சியாரா லியோன் நாட்டுடையது. கொள்ளையர் தடுப்புக் காவலர்களுக்குத் துணைக்கப்பல் என்று நிறுவனம் சொன்னது. 2013 அக்டோபர் 12 அன்று இந்தியக் கடலோரக் காவல்படையின் ‘நாயகி தேவி’ ரோந்துக்கப்பல் அதை மறித்துத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளே 35 பேர். ஆறு பேர் பிரிட்டிஷ்காரர்கள், 14 பேர் எஸ்டோனியர்கள், மூன்று உக்ரைனியர்கள், 12 இந்தியர்கள். துப்பாக்கிகளும் 35. தோட்டாக்கள் 5,600-க்கு மேல். பிரிட்டிஷ்காரர்கள் ஆறு பேரும் முன்னாள் படைவீரர்கள். உங்களைப் போலத்தான், படையை விட்டு வந்தபின் குடும்பத்துக்குச் சம்பாதிக்கக் கடலுக்கு வந்தவர்கள்.

அவர்கள் யாரையும் சுடவில்லை. கொள்ளையடிக்கவில்லை. கப்பலில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து ஒரு படகு வழியாக 1,500 லிட்டர் டீசல் வாங்கினார்கள். அது முறையில்லாத கொள்முதல். ‘பைலின்’ புயல் ஒடிசாக் கரையைக் கடந்ததும் அதே அக்டோபர் 12-தான். கடல் மோசமாக இருந்தது, எரிபொருள் இல்லை, அதனால்தான் உள்ளே வர நேர்ந்தது என்பது அவர்கள் வாதம். நம் கடல் எல்லைக்குள், இந்தியச் சட்டப்படி உரிமம் இல்லாத ஆயுதங்களோடு நின்றார்கள் என்பது க்யூ பிரிவு போலீஸின் வழக்கு. ஆயுதச் சட்டம், அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் இரண்டும் பாய்ந்தன. பாளையங்கோட்டைச் சிறை.

அதன் பிறகு நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன். ஆயுத வழக்கு எவ்வளவு காலம் தின்னும் என்று தெரிய வேண்டும். 2014 மார்ச்சில் பெரும்பாலோருக்கு ஜாமீன், ஆனால் நாட்டைவிட்டுப் போகக் கூடாது. 2014 ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுதக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. ஊருக்குப் போகலாம் என்று மூட்டை கட்டியிருப்பார்கள். 2015 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. மறுபடி சிறை, வெளிநாட்டவர் பலருக்குப் புழல். 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. மறித்த நாளிலிருந்து நாலு வருடம் தாண்டிவிட்டது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவர்களைச் ‘சென்னை அறுவர்’ என்று எழுதின. நம்மவர் பன்னிரண்டு பேருக்கு அப்படி ஒரு பெயர் வைக்க நம் பத்திரிகைகளுக்குத் தோன்றவில்லை.

கடலோரக் காவல்படையையோ போலீஸையோ நான் குறைசொல்லவில்லை. மும்பையில் 2008-இல் கடல்வழியாக வந்தவர்கள் செய்ததைப் பார்த்த நாடு இது. கரைக்குப் பக்கத்தில் 35 துப்பாக்கியோடு ஒரு கப்பல் நின்றால் போய்ப் பார்க்காமல் இருப்பார்களா? பார்க்காமல் விட்டிருந்தால் நீங்களும் நானும்தான் முதலில் கத்தியிருப்போம்.

ஆனால் இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ரிகா லெக்சியில் இரண்டு உயிர் போனது. ஹேக் நகரத் தீர்ப்பாயத்தின் முடிவு 2020-இல் வெளியானது: இத்தாலிய வீரர்கள் தங்கள் அரசின் பணியில் இருந்தவர்கள், அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தரட்டும். தீர்ப்பாயத்தில் மூவர் அப்படிச் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள். பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்டியபின் 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்தது. ஓஹியோவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை, அந்த ஆட்கள் சிறையில் கிடந்தார்கள். சுட்டவனுக்கு அரசு இருந்தது. சுடாதவனுக்கு ஒரு நிறுவனத்தின் லெட்டர்பேடு இருந்தது. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு இரண்டுமே நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் கடலில் சட்டம் இப்படித்தான் நடக்கிறது.

அரசாங்கத் துப்பாக்கிக்கும் மற்றத் துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1942 செப்டம்பரில் இங்குள்ள உப்பளக் காவலில் இருந்த துப்பாக்கிகளைப் பறிக்கத்தான் இளைஞர்கள் வந்தார்கள். அதில் லோன் என்ற வெள்ளைக்கார உப்பு அதிகாரி செத்துப்போனதும், காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு விதித்துப் பிறகு குறைத்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது வேறு கதை, விட்டுவிடுகிறேன்.

அரசு கொடுத்த காகிதம் இருந்தால் போதுமா? எந்த அரசு, எத்தனை நாள் இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். காலியில் ‘அவன்ட் கார்ட்’ என்ற இலங்கை நிறுவனம், அரசின் ஒப்புதலோடு ‘மஹநுவர’ என்ற கப்பலில் ஆயுதக் கிடங்கு நடத்தியது. 2015 ஜனவரியில் கொழும்பில் ஆட்சி மாறியது. அதே மாதம் அந்தக் கப்பலில் சோதனை. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தத் தொழிலே கடற்படைக்குக் கைமாறியது. நேற்றுவரை செல்லுபடியான காகிதம் மறுநாள் விசாரணைக் கோப்பில் போய்ச் சேர்ந்தது.

இனி, இதையெல்லாம் கேட்டபிறகும் போகத்தான் போகிறேன் என்கிறவர்களுக்கு. ஒருவரையும் தடுக்க நான் வரவில்லை. ஒழுங்கான நிறுவனத்தில் ஒழுங்காக வேலை பார்த்து வீடு கட்டியவர்களும் நம்மிடையே உண்டு.

முதல் வேலை, உங்களைக் கடற்பணியாளராகக் காகிதத்தில் மாற்றுவது. படையில் தந்த டிஸ்சார்ஜ் புக் மட்டும் போதாது. இன்டாஸ் எனப்படும் கடற்பணியாளர் பதிவு எண் வேண்டும். சிடிசி எனப்படும் கடற்பணியாளர் கையேடு வேண்டும். எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசப் பயிற்சி உடன்படிக்கைப்படி கடலில் உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு ஆகிய அடிப்படைப் பயிற்சிகளும், கப்பல் பாதுகாப்புப் பணிக்கான பயிற்சியும் முடித்த சான்றிதழ் வேண்டும். இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரின் சான்று வேண்டும். கடற்படைக்காரர்கள் இங்கே முறுக்கிக்கொள்வார்கள். “போர்க்கப்பலில் தீயணைச்சவனுக்கு இவன் தீயணைப்புச் சொல்லிக் குடுப்பானா?” சொல்லிக் கொடுப்பான், நீங்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும். துறைமுகத்தில் கப்பலைச் சோதிக்க வருகிற அதிகாரி உங்கள் நெஞ்சில் இருந்த பதக்கத்தைப் பார்க்க மாட்டார், சான்றிதழ் எண்ணைத்தான் பார்ப்பார். பயிற்சி நிலையம் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்ததா என்பதைப் பணம் கட்டும் முன் பாருங்கள், கட்டிய பின் அல்ல.

இரண்டாவது, ஏஜென்ட். இந்தக் கரையோரத்தில் எத்தனை குடும்பம் நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் கொடுத்து ஏமாந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பலுக்கு ஆள் அனுப்புகிறவர் ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணை இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பேரன் பேத்தி இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். வேலை வாங்கித்தருவதற்குக் கடற்பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2006-இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இருக்கிறது. இந்தியா அதை 2015-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று லட்சக்கணக்கில் கேட்டால், அவர் உங்களுக்கு வேலை தேடுகிறவர் இல்லை.

மூன்றாவதுதான் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. ஒப்பந்தத்தில் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் ஏறப்போகிற கப்பலின் கொடி எது? அந்தக் கொடி நாடு ஆயுதக் காவலரை அனுமதிக்கிறதா? என் கையில் தரப்போகிற துப்பாக்கியின் எண், உரிமத்தில் இருக்கிறதா? அந்த உரிமம் யார் பேரில்? ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் எங்கே தங்கவைப்பீர்கள், துறைமுகத்திலா, கடலில் நிற்கிற கிடங்கிலா? அந்தக் கப்பல் எரிபொருள் எங்கே வாங்கும்? சிரிக்காதீர்கள். 1,500 லிட்டர் டீசலும் அந்த 35 பேர்மேல் போட்ட வழக்கில் சேர்ந்துகொண்டது. நான் கைதானால் வக்கீல் செலவு யார் பொறுப்பு, வீட்டுக்கு மாதச் சம்பளம் தொடருமா, ஊருக்கு அனுப்பிவைப்பது யார்? இதைக் கேட்டால் வேலை கிடைக்காது என்று பயப்படுவீர்கள். இதைக் கேட்டதற்காக வேலை தராத நிறுவனத்தின் கப்பலில் ஏறாமல் இருப்பதே நல்லது. சிறையில் இருந்த ஓஹியோ ஆட்களுக்குப் போய் உதவியவர்களில் மாலுமிகளுக்காக உழைக்கும் ஒரு கிறித்தவ அமைப்பு முக்கியமானது. ஒரு காவலனுக்குச் சோதனைக் காலத்தில் ஆதரவாக நிற்பது தர்மசிந்தனை உள்ளவர்கள்தான் என்றால், ஒப்பந்தம் எதற்கு?

சுடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. படையில் உத்தரவு வந்தால் சுட்டீர்கள். இங்கே உத்தரவு உங்களைக் காப்பாற்றாது. தற்காப்புக்கு மட்டும், வேறு வழி எதுவும் இல்லாதபோது மட்டும், தேவையான அளவு மட்டும். முதலில் கப்பலின் போக்கை மாற்றுவது, ஒலி எழுப்புவது, துப்பாக்கியை உயர்த்திக் காட்டுவது. இதிலேயே முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். கப்பலின் பாதுகாப்புக்கு இறுதிப் பொறுப்பு கேப்டனுடையது. ஆனால் உங்கள் துப்பாக்கியிலிருந்து போன தோட்டாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கேப்டன் அருகில் நின்றார் என்பது நீதிமன்றத்தில் சாக்கு ஆகாது.

இப்போது அந்த வேலைக்கு என்ன நிலைமை? 2023 ஜனவரி 1 முதல் ‘அதிக ஆபத்துப் பகுதி’யையே எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சோமாலியக் கொள்ளையர் திரும்பி வந்தார்கள். 2023 டிசம்பரில் ‘ரூயன்’ என்ற கப்பலைக் கடத்தினார்கள். 2024 மார்ச்சில் நம் ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’வும் கடற்படையின் மார்கோஸ் அதிரடி வீரர்களும் சுமார் 40 மணி நேர நடவடிக்கையில் அதை மீட்டு, 35 கொள்ளையரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். கடற்கொள்ளையைத் தண்டிக்கத் தனிச் சட்டமும் 2022-இல் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. ஆனால் செங்கடலில் வந்திருப்பது வேறு ஜாதி ஆபத்து. ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்களின் ஏவுகணைக்கும் ட்ரோனுக்கும் முன்னால் ஒரு ரைபிள் என்ன செய்யும்? 2025 ஜூலையில் ‘எடர்னிட்டி சி’ என்ற கப்பலை அவர்கள் தாக்கி மூழ்கடித்தார்கள். அதில் 22 மாலுமிகளும் மூன்று பாதுகாப்புக் காவலர்களும் இருந்தார்கள். கடலிலிருந்து மீட்கப்பட்டவர்களில் ஒரு காவலர் இந்தியர். காவலுக்கு மறுபடி தேவை வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தக் கடலில் என்று கேளுங்கள்.

கடலுக்கே போக வேண்டும் என்றும் இல்லை. 1986-இல் தொடங்கிய நம் தமிழக அரசின் டெக்ஸ்கோ கரையில் முன்னாள் படைவீரருக்கு வேலை தருகிறது. சம்பளம் டாலரில் இல்லை, ஆனால் கைதானால் எந்த நாட்டுச் சிறை என்று யோசிக்க வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே வரவிருக்கிற ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் வைத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவைக் காப்பது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. இங்கும் அதுவே வரும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். வேலிக்கு உள்ளே காவல் நிற்கப்போவது யாரோ, வேலிக்கு வெளியே ராக்கெட் நாளில் கடலுக்குப் போகாதே என்று தடுக்கப்படுவது நம் ஆட்கள். இந்த இரண்டு பக்கத்தையும் அறிந்த ஒருவன் உள்ளே இருந்தால் ஊருக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன். இது என் சொந்த ஆசை.

அக்னிவீரர் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022-இல் வந்த திட்டம், நாலு வருடம் முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு மீதியை அனுப்பும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், பென்ஷன் இல்லாமல் வீடு வருவீர்கள். வணிகக் கப்பல் பணிக்கு உங்களை எடுத்துக்கொள்ள வழி செய்வதாகக் கப்பல் அமைச்சகம் 2022 ஜூனிலேயே அறிவித்தது. மத்தியப் படைகளிலும் கடலோரக் காவல்படையிலும் பத்து சதவீத ஒதுக்கீடு என்றும் அப்போதே அறிவித்தார்கள். என் கருத்தைக் கேட்டால், துப்பாக்கி தூக்குகிற வேலையைக் கடைசியில் வையுங்கள். அந்த வயதில் டெக்கிலோ இன்ஜின் ரூமிலோ ஒரு தொழிலைப் படித்தால் நாற்பது வருடம் கப்பலில் இருக்கலாம். காவலன் வேலை கொள்ளையனை நம்பி இருக்கிறது, அவன் லீவு போட்டால் உங்களுக்கும் லீவு.

நேரமாகிவிட்டது. கையில் ஒப்பந்தத் தாள் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் முன்வரிசையிலேயே தெரிகிறார்கள், பையைத் திறந்து திறந்து மூடுகிறீர்கள். இன்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். வருகிற ஞாயிறு காலை இதே இடத்துக்கு நகலோடு வாருங்கள், வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு வக்கீல் வருகிறார். ஆங்கிலத்தில் இருப்பதை வரிவரியாகத் தமிழில் வாசித்துச் சொல்வோம். சம்பளம் எழுதிய பக்கத்தைக் கடைசியில் பார்ப்போம்.